கப்பல் காலை 7 மணிக்கு வந்தால் 10.40 விமானத்தைப் பிடிக்க முடியுமா?

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா, அம்மா, அம்மாவைப் பெற்ற 78 வயது அமுச்சி, மனைவி, ஆறு வயது மகள், அவர் என ஆறு பேராகச் சிங்கப்பூர் போய், அங்கிருந்து நான்கு இரவு கப்பல் பயணம். பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுக் கடைசி நாள் காலை 7 மணிக்குக் கப்பல் சிங்கப்பூர் திரும்புகிறது. அன்றே 10.40க்குச் சாங்கி விமான நிலையத்தில் கிளம்பி, சென்னை வழியாகக் கோவை வரும் விமானம் ஆளுக்கு 4,000 ரூபாய் மலிவாகக் கிடைக்கிறதாம். "மூணரை மணி நேரத்துக்கு மேல இருக்குதுங்களே, ஏர்போர்ட் பக்கந்தானுங்க, பத்தாதுங்களா?" என்பது அவர் கேள்வி.

பத்தாதுங்க. அந்த டிக்கெட்டை எடுக்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதே கணக்கைப் போட்டுவிட்டு வருகிறவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். நான் ஈரோட்டில் இருந்துகொண்டு பம்ப் செட் டீலர்கள், நூல் வியாபாரிகள், அவர்கள் குடும்பங்கள் என்று கூட்டமாகக் கப்பலுக்கு அழைத்துப்போகிறவன். கப்பலில் ஏற்றிவிடுவது சுலபம். இறக்கி, விமானத்தில் உட்கார வைக்கிற அந்த ஒரு காலைதான் வேலையே.

முதலில் அந்த 7 மணி என்ன என்று பார்ப்போம். அது கப்பல் துறையைத் தொடுகிற நேரம். அதற்குப் பிறகு கயிறு கட்டி, நடைபாலம் பொருத்த வேண்டும். அந்நாட்டு அதிகாரிகள் தாள்களைப் பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் முதல் ஆள் இறங்க முடியும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போய்விடும். ஆக, கதவு திறப்பது ஏழரை அல்லது எட்டு. அப்போது உங்களோடு இறங்கக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சிங்கப்பூருக்கு வந்திருக்கும் ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்களில் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே 4,000 பேரைத் தாண்டும். பள்ளி விடுமுறை நாட்களில் குழந்தைகளும் சேர்ந்து இன்னும் கூடும். தைப்பூசத்தன்று பழனி மலையிலிருந்து இறங்குகிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெட்டி.

இறங்குவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பெட்டிகளை நாமே உருட்டிக்கொண்டு இறங்குவது. இவர்களைத்தான் முதலில் விடுவார்கள். இன்னொன்று, முந்தின நாள் இரவு பெட்டிகளுக்கு நிறமோ எண்ணோ போட்ட அட்டையைக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிடுவது. பதினொரு மணி, பன்னிரண்டு மணிக்குள் வைக்கச் சொல்வார்கள். கப்பல்காரர்கள் இரவோடு இரவாகக் கீழே கொண்டுபோய், காலையில் துறைமுகக் கூடத்தில் எண் வாரியாக அடுக்கியிருப்பார்கள். நம் எண்ணைக் கூப்பிடும்போது கைவீசி இறங்கி எடுத்துக்கொள்ளலாம். சொகுசுதான், ஆனால் நேரம் நம் கையில் இல்லை. கடைசி எண்களைக் கூப்பிட ஒன்பதரை, பத்து ஆகும்.

உங்கள் வீட்டில் பெட்டியைத் தூக்கக்கூடியவர் நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும். ஆறு பேர் பெட்டியையும் உருட்டிக்கொண்டு, அமுச்சியையும் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்குவது நடக்காது. அதனால் அட்டை கட்டுகிற வகையைத்தான் எடுப்பீர்கள், எடுக்கவும் வேண்டும். அப்படியானால் சாலைக்கு வந்து நிற்க எப்படியும் பத்து, பத்தரை ஆகும்.

அட்டை கட்டும் இரவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோபி பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, எழுபது வயதிருக்கும், எதையும் ஒழுங்காக எடுத்துவைக்கிறவர். எல்லாச் சேலையையும் மடித்துப் பெட்டியில் வைத்து, பூட்டி, அட்டை கட்டி, பத்து மணிக்கே வெளியே வைத்துவிட்டார். காலையில் நான் அறைக்குப் போனபோது நைட்டியோடு கட்டில் விளிம்பில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உடுத்த ஒரு துணியும் அறையில் இல்லை. சர்க்கரை மாத்திரையும் பெட்டியோடு போய்விட்டது. "இப்படியே எப்படி சாமி ஆயிரம் பேர் முன்னால வர்றது" என்று கண் கலங்கிவிட்டார். அடுத்த அறையில் இருந்த ஒரு அம்மணி தன் கைப்பையில் மாற்றுக்கு வைத்திருந்த சேலையைக் கொடுத்து, ரவிக்கை பொருந்தாமல் ஊக்குக் குத்தி, கிளப்பிக் கூட்டி வர நாற்பது நிமிடம். எங்கள் எண்ணைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கடைசி இரவு எட்டு மணிக்கு ஒவ்வொரு அறையாகப் போய் நானே பார்க்கிறேன்: நாளைக்கு உடுத்தும் துணி, செருப்பு, மாத்திரை, கண்ணாடி, பாஸ்போர்ட், போன் சார்ஜர், குழந்தைக்கு ஒரு மாற்று உடை. இவை தோள்பையில் இருந்தால்தான் பெட்டி வெளியே போகும். உங்கள் அமுச்சியின் பையை நீங்களே பாருங்கள், தம்பி. அவரைக் கேட்டால் "எல்லாம் இருக்குது கண்ணு" என்றுதான் சொல்வார்.

பாஸ்போர்ட் என்றதும் இன்னொன்று. இந்தப் பக்கத்துப் பயணங்களில் சில கப்பல்கள் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி நாளில் திருப்பித் தரும். எந்தத் தளத்தில், எத்தனை மணிக்குத் தருகிறார்கள் என்பதை அறைக்கு வரும் தாளிலோ கப்பலின் செயலியிலோ முந்தின நாளே பார்த்துவிடுங்கள். அதை மறந்துவிட்டு இறங்குகிற வரிசையில் போய் நின்றவர்களைத் திரும்ப அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

போனில் காட்டும் மணியையும் நம்பாதீர்கள். புக்கெட் தாய்லாந்து நேரம், சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். நம் ஊர் சிங்கப்பூருக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். கப்பல் தனக்கென்று ஒரு நேரம் வைத்துக்கொள்ளும். கடலில் சிக்னல் இல்லாத போன் எந்த ஊர் நேரத்தைக் காட்டும் என்று சொல்ல முடியாது. அப்பாவிடம் ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கொடுத்து, கப்பல் நேரத்துக்குத் திருப்பி வைத்துவிடுங்கள். வீட்டில் எல்லோரும் அந்த ஒரு கடிகாரத்தையே கேட்கட்டும்.

இறங்கியதும் சிங்கப்பூர் குடியேற்றச் சோதனை. கப்பலில் போய்த் திரும்பி வந்தால் சிங்கப்பூருக்குள் மறுபடி புதிதாக நுழைகிறீர்கள் என்றுதான் கணக்கு. இதனால் இரண்டு வேலை. விசா பலமுறை நுழைவதற்கானதா என்று வாங்கும்போதே ஆறு பேருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். அப்புறம், விமானத்தில் போகும்போது நிரப்பிய சிங்கப்பூர் வருகை அட்டையை, கப்பல் திரும்புவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இன்னொரு முறை நிரப்ப வேண்டும். அதற்குப் பணம் கிடையாது, இணையத்தில் பத்து நிமிட வேலை. நிரப்பாமல் வந்து, கூடத்தில் ஓரமாக நின்று ஆறு பேருக்கும் போனில் தட்டிக்கொண்டிருந்தால் அரை மணி போச்சு.

அதே இடத்தில் சுங்கமும் உண்டு. சிங்கப்பூருக்குள் சிகரெட்டுக்கு வரி விலக்கு கிடையாது, மெல்லும் புகையிலை கொண்டுபோகவே கூடாது. நம் பக்கத்துப் பெரியவர்கள் வெற்றிலைப் பையில் புகையிலைப் பொட்டலம் வைத்திருப்பார்கள். வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். மது பாட்டிலுக்கும் மலேசியாவிலிருந்து வந்தால் அங்கே விலக்கு இல்லை. உங்கள் கப்பல் கடைசியாக நிற்பது பினாங்கு என்றால் இதை நினைவில் வையுங்கள்.

சரி, வெளியே வந்தாகிவிட்டது. பெரிய கப்பல்கள் நிற்பது மரினா பே கப்பல் முனையம். சிலது ஹார்பர்ஃப்ரன்ட் பக்கம் உள்ள பழைய முனையத்துக்கும் வரும். எது என்று டிக்கெட்டில் பாருங்கள். மரினா பேயிலிருந்து சாங்கி இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலையில் 25, 30 நிமிடம். ஹார்பர்ஃப்ரன்ட் என்றால் பத்து நிமிடம் கூட. உண்மையில் நேரம் தின்பது டாக்சி வரிசைதான். ஆயிரக்கணக்கானவர் ஒரே சமயத்தில் இறங்கினால் வரிசை எப்படி இருக்கும்! சாதாரண டாக்சியில் நாலு பேர்தான். ஆறு பேர், ஆறு பெட்டி என்றால் இரண்டு வண்டியாகப் பிரிய வேண்டும். பிரிந்தால் ஒரு வண்டி ஒரு டெர்மினலிலும் இன்னொன்று வேறு டெர்மினலிலும் போய் நிற்கும், அதையும் பார்த்திருக்கிறேன். பெரிய வண்டியாக ஒன்றை முந்தின நாளே பேசிவைத்து, டெர்மினல் எண்ணை ஓட்டுநருக்குச் சொல்லிவிடுங்கள். முனையத்துக்குப் பக்கத்திலேயே மரினா சவுத் பியர் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையம் இருக்கிறது. சிட்டி ஹாலில் ஒரு மாற்றம், தானா மேராவில் இன்னொரு மாற்றம், ஒரு மணி நேரத்தில் சாங்கி. தனியாளாகப் போகும் இளவட்டத்துக்கு அருமையான வழி. அமுச்சியோடு வேண்டாம்.

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள். சர்வதேச விமானத்துக்குப் பெட்டி போடும் கவுன்ட்டரை 60 முதல் 75 நிமிடம் முன்னாலேயே மூடிவிடுவார்கள். உங்கள் 10.40 விமானத்துக்கு 9.40க்குள் கவுன்ட்டர் மூடிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் கப்பலிலேயே எண்ணைக் கூப்பிடக் காத்துக்கொண்டிருப்பீர்கள். கைப்பையோடு முதல் ஆளாக ஓடுகிற இருபத்தைந்து வயதுப் பையனுக்கே அது சந்தேகம்.

இத்தனையும் கப்பல் சரியான நேரத்துக்கு வந்தால். ஒருமுறை என் குழுவில் 22 பேர். நானும் அப்போது துணிச்சலாக 12 மணி விமானத்தைப் போட்டிருந்தேன். கடைசி இரவு கப்பலில் யாரோ ஒரு பயணிக்கு நெஞ்சுவலி. கப்பல் வழியை மாற்றி அவரைக் கரைக்கு அனுப்பிவிட்டு வர, காலையில் ஒன்றரை மணி நேரத் தாமதம். ஓர் உயிருக்காகத் தாமதித்ததை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் எங்கள் விமானத்துக்குக் கப்பல் நிறுவனம் பொறுப்பில்லை, அது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. பதினைந்து பேரைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். ஏழு பேர் கவுன்ட்டர் மூடிய பின்தான் வந்தார்கள். அதில் மூன்று பேருக்கு மறுநாள் பவானியில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் வீட்டுக்காரர்கள். புது டிக்கெட், ஒரு இரவு அறை, எல்லாம் என் கையிலிருந்துதான் கொடுத்தேன், அது சரிதான். ஆனால் முகூர்த்தத்துக்கு மாமன் வந்து நிற்க முடியாமல் போனதை எந்தப் பணத்தால் ஈடு செய்ய? இன்றைக்கும் அந்தப் பெரியவரைப் பார்த்தால் எனக்கு மனசு உறுத்தும். அதற்குப் பிறகு கப்பல் இறங்கும் நாளில் பகல் விமானம் நான் போடுவதே இல்லை.

அன்றைக்கு நான் செய்த இன்னொரு தப்பு, விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லாதது. தாமதமாகும் என்று தெரிந்த உடனே, கவுன்ட்டர் மூடுவதற்கு முன்னால் அழைத்துத் தேதியை மாற்றக் கேட்டால் அபராதமும் கட்டண வித்தியாசமும் கட்டி மாற்ற வழி இருக்கும். சொல்லாமல் வராமல் போனால் டிக்கெட் பணம் பெரும்பாலும் அவ்வளவுதான். கப்பலில் இணையம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கடைசி நாளுக்காவது ஒருவர் போனில் அது இருக்கட்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது விமானத்தைத் தவறவிட்டால் கொடுப்பார்களா, கப்பல் தாமதமும் அதில் சேருமா என்று விதிகளைப் படித்துவிட்டு எடுங்கள்.

ஆகவே என் யோசனை இது: மாலைக்கு மேல் கிளம்பும் விமானம், அதுவும் கோவைக்கு நேர் விமானம். சிங்கப்பூரிலிருந்து கோவைக்கு நேராக வரும் விமானம் பல வருடங்களாக இருக்கிறது. மாலைக்கு மேல் ஏறினால் இரவு பீளமேடு விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். சென்னை வழியாக வரும் டிக்கெட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் முதலில் இறங்குகிற சென்னையில்தான் குடியேற்றம், சுங்கம் எல்லாம். பெட்டிகளை அங்கேயே எடுத்து, வெளியே வந்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். சாங்கியில் வாங்கிய பாட்டிலைக் கைப்பையில் வைத்துக் கோவை விமானத்தில் ஏற முடியாது, பெட்டிக்குள் போக வேண்டும். அமுச்சியை வைத்துக்கொண்டு இரண்டு முறை இந்தச் சடங்கு எதற்கு? ஆளுக்கு 4,000, ஆறு பேருக்கு 24,000 மிச்சம் என்பது சின்னத் தொகை இல்லைதான். விமானம் தவறினால் ஆறு பேருக்கு அன்றைய விலையில் டிக்கெட் எடுக்கும்போது அதைப்போல் பல மடங்கு போகும்.

கோவை விமானம் கிடைக்கவில்லை என்றாலோ தவறிவிட்டாலோ உடனே திருச்சியைப் பாருங்கள். நம் ஆட்கள் பலருக்கு இது தோன்றுவதே இல்லை. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட விமானங்கள் உண்டு. கரூர்க்காரர்களுக்குத் திருச்சி 80 கிலோமீட்டர்தான், கோவையை விடப் பக்கம். திருப்பூர், ஈரோட்டுக்குக் கார் வைத்துக்கொண்டால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் வீடு.

இறங்கியதிலிருந்து மாலை வரை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டாம். நேராகச் சாங்கி போய்ப் பெட்டிகளைக் காப்பறையில் போட்டுவிட்டால் கை காலி. ஒட்டியே இருக்கும் ஜுவல் வணிக வளாகத்தில் நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் உள்ளரங்க அருவியைக் குழந்தை பார்த்துக்கொண்டே நிற்கும். தெம்பு இருந்தால் சிராங்கூன் சாலை போய் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, வாழை இலையில் சாப்பிட்டுத் திரும்பலாம். ஐந்து நாள் கப்பல் சாப்பாட்டுக்குப் பிறகு ரசம் சோறு கண்டதும் பெரியவர்கள் முகம் மாறுவதைப் பாருங்கள்.

அமுச்சிக்குச் சக்கர நாற்காலி இரண்டு இடத்தில் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கப்பலில் ஏறிய முதல் நாளே வரவேற்பு மேசையில், இறங்கும்போது வேண்டும் என்று பெயர் கொடுங்கள். தனி வழியாக, கூட்டம் இல்லாமல் கூட்டிப்போவார்கள். விமானத்துக்கு, கிளம்புவதற்கு 48 மணி நேரம் முன்னாலாவது நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். "நான் நடப்பேன் சாமி" என்பார். நடப்பார்தான், ஆனால் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க முடியாது.

மற்ற துறைமுகங்களைக் கேட்பவர்களுக்கும் சுருக்கமாக. மும்பையில் பல்லார்ட் பியரிலிருந்து விமான நிலையம் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனால் வேலை நாள் காலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இப்போது சிஎஸ்எம்டி ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு நேர் மெட்ரோ வந்துவிட்டது. சென்னையில் இறங்கினால் மீனம்பாக்கம் எதற்கு? துறைமுகத்திலிருந்து சென்ட்ரல் கூப்பிடு தூரம், மதியம் 2.25 வந்தே பாரத் பிடித்தால் சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை எல்லாம் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள். புதன்கிழமை ஓடாது, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொச்சியில் இறங்குபவர்கள் நெடும்பாசேரி விமான நிலையத்துப் பக்கமே போக வேண்டாம். எர்ணாகுளத்தில் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோவை. காரில் வந்தாலும், திருச்சூர்–பாலக்காடு சாலையில் குதிரான் சுரங்கம் திறந்த பிறகு அந்த இடத்தில் பழைய நெரிசல் இல்லை.

அமெரிக்காவில் மகன், மகள் வீட்டுக்குப் போய் அங்கே கப்பல் ஏறும் பெற்றோர்களுக்கு ஒன்று: ஊர்ப் பெயரை வைத்துத் தூரத்தைக் கணக்கிடாதீர்கள். மயாமி துறைமுகத்துக்கு மயாமி விமான நிலையம் பக்கம், ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். போர்ட் கனாவரலிலிருந்து ஆர்லாண்டோ விமான நிலையம் 70 கிலோமீட்டருக்கு மேல். டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டனில் குளிர்காலப் பனிமூட்டத்தில் துறைமுகத்தையே மூடிவைப்பார்கள். ஐரோப்பாவிலும் அப்படித்தான்: ரோமுக்குப் போகிற கப்பல் உண்மையில் நிற்பது சிவிதவெக்கியாவில், விமான நிலையம் அறுபது கிலோமீட்டருக்கு மேல். அங்கெல்லாம் அன்றிரவு தங்கி மறுநாள் பறப்பதைத்தான் நான் சொல்வேன்.

கோவையில் இறங்கும் இரவுக்கு வண்டியை இப்போதே சொல்லி வையுங்கள், தம்பி. ஆறு பேருக்கும் பெட்டிகளுக்கும் இன்னோவா போதாது, டெம்போ டிராவலராகச் சொல்லுங்கள். அமுச்சிக்கு முன்சீட்டு, படி ஏற ஒரு சின்ன முக்காலி ஓட்டுநரிடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.